போர் தண்ணீரும் ஃபுளோரைடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரை, அதாவது போர் தண்ணீரை, நம்பி வாழும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஃபுளோரைடு மிகுதியால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரோசிஸ் நோய் முற்றிய பிறகு அதற்கு மருந்து இல்லை. ஆனால் அது வராமல் தடுக்க முடியும், அதற்கான வழியும் பெரும்பாலும் நம் சமையலறையிலேயே இருக்கிறது. அதனால்தான் விடைகள் சற்று நீளமாகவே எழுதப்பட்டுள்ளன.

நம் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது? ஆலைக் கழிவா, உரமா?

இங்கே முதன்மைக் காரணம் நிலத்தடிப் பாறைதான். இப்பகுதியின் அடித்தளம் கருங்கல்லும் நைஸ் பாறையும் சேர்ந்த கடும்பாறையாகும். ஃபுளோரைட், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்கள் அதில் கலந்திருக்கின்றன. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கும்போது, இக்கனிமங்களில் உள்ள ஃபுளோரைடு சிறிது சிறிதாக அதில் கரைகிறது. நீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால் ஃபுளோரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் அது கரைந்தபடியே நிற்கும். மழை குறைவாகவும் வெயில் கடுமையாகவும் உள்ள வட்டாரங்களில் இந்த நிலை எளிதில் உண்டாகிறது.

ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கண்ணாடிபோல் தெளிந்து, குடிக்க இனிப்பாக இருக்கும் தண்ணீரிலும் அது மிகுந்திருக்கலாம். உப்புக் கரிக்கும் தண்ணீரில் குறைவாக இருக்கலாம். ஒரே தெருவில் இரண்டு போர்கள் வெவ்வேறு அளவைக் காட்டுவதும் வழக்கமே. ஆகையால் பக்கத்து வீட்டு நீரின் பரிசோதனை முடிவை உங்கள் வீட்டு நீருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரக் குறியீடு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராம்தான். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதி அடைவது தவறு. உடலைப் பாதிப்பது ஒரு லிட்டரில் உள்ள அளவன்று, ஒரு நாளில் உடலுக்குள் செல்லும் மொத்த அளவு. ஒருவருடைய உடலில் நாளொன்றுக்கு மொத்தம் 6 மில்லிகிராமுக்கு மேல் நீண்ட காலம் சேர்ந்துவந்தால் எலும்புப் பாதிப்புக்கான அறிகுறிகள் தென்படத் தொடங்கலாம் என்றும், 14 மில்லிகிராம் அளவில் ஆபத்து தெளிவாகவே கூடுகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது.

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் அவர் நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீராவது குடிப்பார். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் இருந்தால், குடிப்பதன் மூலம் மட்டும் 10 மில்லிகிராம் உள்ளே போகிறது. களி, சோறு, குழம்பு, தேநீர் ஆகியவற்றின் வழியே இன்னும் ஒரு லிட்டர் அதே நீர் சேர்ந்தால் கணக்கு 12.5 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. அதே தண்ணீரைக் குடித்து, நிழலில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இதில் பாதி அளவே சேரும். வெயிலில் உழைப்பவர்களின் முதுகும் முழங்காலும் முதலில் பழுதாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த வேறுபாட்டை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். சமையலுக்குப் போர் தண்ணீரையே பயன்படுத்தலாமா?

கூடாது. பல குடும்பங்கள் காசு செலவழித்தும் பாதிப்பிலிருந்து தப்பாமல் போவது இந்த இடத்தில்தான்.

கேழ்வரகுக் களியைக் கிண்டும் முறையைக் கவனியுங்கள். உலை வைத்த நீர் முழுவதையும் மாவு உள்ளிழுத்துக்கொள்கிறது; ஒரு சொட்டும் வெளியே போவதில்லை. அந்த நீரில் இருந்த ஃபுளோரைடு முழுவதும் உருண்டைக்குள் இருக்கும். கூழிலும் கஞ்சியிலும் இதே நிலைதான். சோற்றைப் பொறுத்தவரை, கஞ்சி வடித்த சோற்றில் உலைநீரின் ஒரு பங்கு வெளியேறுகிறது. குக்கரில் பொங்கிய சோற்றிலோ ஊற்றிய நீர் அனைத்தும் சோற்றிலேயே தங்குகிறது. வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தால் வெளியேறிய பங்கும் திரும்ப வந்துவிடும். பருப்பு, சாம்பார், ரசம், தேநீர் என ஒவ்வொன்றிலும் ஊற்றிய நீர் வயிற்றுக்குத்தான் போகிறது.

ஆகவே நல்ல தண்ணீர் குறைவாகக் கிடைக்கும் வீட்டில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கிவிட்டு, பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வீடு கழுவவும் போர் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். அரிசியையும் காய்கறியையும் போர் தண்ணீரில் களைந்து கொட்டிவிடுவதில் தவறில்லை. ஊறவைப்பதும் வேகவைப்பதும் நல்ல தண்ணீரில் நடக்க வேண்டும். இரண்டு நிறத்தில் குடங்களை வைத்து, ஒரு நிறம் அடுப்படிக்கு மட்டும் என்று வழக்கப்படுத்திவிட்டால், வீட்டுக்கு வந்த உறவினரும் பிள்ளைகளும்கூடத் தவறாமல் எடுப்பார்கள்.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடாதா?

போகாது, அதன் செறிவு கூடும். கொதிக்கும்போது நீர் ஆவியாகிறது, ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்குகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டர் நீர் 800 மில்லிலிட்டராகச் சுண்டினால், செறிவு 2.5 மில்லிகிராமாக உயர்ந்துவிடும். கிருமிகளை அழிக்கக் கொதிக்க வைப்பது மிக நல்ல வழக்கம். ஃபுளோரைடு குறைந்த நீரை எடுத்து அதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை ஏன் வருகிறது? பெரியவர்களுக்கு வருமா?

பல் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில் உடலில் ஃபுளோரைடு மிகுந்தால், பல்லின் மேற்பூச்சான எனாமல் சரிவர இறுகாமல் நுண்ணிய துளைகளோடு அமைகிறது. முதலில் சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெண் திட்டுகள் தோன்றும். பாதிப்பு கூடக் கூட மஞ்சளாகவும் காவியாகவும் மாறி, சிலருக்குப் பல்லில் குழிகள் விழும். ஞானப்பற்களைத் தவிர மற்ற நிலைப்பற்களின் எனாமல் ஏறத்தாழ 8 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஃபுளோரைடு உட்கொண்டாலும் பல்லில் புதிதாகக் கறை வராது, ஆனால் எலும்பில் சேர்வது தொடரும். பெரியவர் ஒருவர் வேறு ஊரிலிருந்து இங்கு குடியேறினால் அவர் பல் வெண்மையாகவே இருக்கும். அதைப் பார்த்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

வெற்றிலைக் கறையும் ஊத்தையும் பல் இடுக்கிலும் ஈறோரத்திலும் படியும்; சுரண்டினால் போகும். ஃபுளோரோசிஸ் கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் துலக்கினாலும் போகாது. வாயின் இரு பக்கத்திலும் ஒரே வகைப் பற்களில் ஒத்த அமைப்பில் காணப்படும். கரித்தூளையும் உப்பையும் செங்கல் பொடியையும் போட்டுத் தேய்ப்பவர்கள் எஞ்சிய எனாமலையும் இழக்கிறார்கள். பல் மருத்துவரால் மேற்பரப்பை மெல்லத் தேய்த்து எடுத்தோ, வெளுக்கச் செய்தோ, பல்லின் நிறத்தில் பூச்சு வைத்தோ தோற்றத்தைச் சீராக்க முடியும். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளையும், பல்லைக் காரணம் காட்டித் தட்டிப்போகும் திருமணப் பேச்சுகளையும் இம்மாவட்டங்களில் அறியாதவர் இல்லை. அந்தக் கறை பிள்ளையின் அழுக்குமன்று, குற்றமுமன்று என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஃபுளோரைடு கெட்டது என்றால் பற்பசையில் ஏன் சேர்க்கிறார்கள்?

அளவுதான் இதற்கு விடை. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901இல் வந்த பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, அங்கு வளர்ந்தவர்களின் பற்களில் காவிக்கறையைக் கண்டு, காரணம் தேடத் தொடங்கினார். அப்பற்கள் கறைபட்டிருந்தாலும் எளிதில் சொத்தையாகவில்லை என்பதையும் அவர் கவனித்தார். 1931இல் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், கறைக்குக் காரணம் குடிநீரிலுள்ள ஃபுளோரைடு என்று கண்டறிந்தார். சிறிய அளவு ஃபுளோரைடு பற்சொத்தையைத் தடுக்கும் என்பது அதைத் தொடர்ந்த ஆய்வுகளில் உறுதிப்பட்டு, 1945இல் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் குடிநீரில் அதைச் சேர்க்கும் வழக்கம் தொடங்கியது. அங்கே இயற்கையாக இல்லாததைச் சேர்த்தார்கள். இங்கே நிலமே அளவுக்கு மீறிக் கொடுக்கிறது.

பற்பசை பல்லின் மேல் பட்டுத் துப்பப்படும் பொருள் என்பதால், விழுங்காதவரை அச்சம் தேவையில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். இனிப்புச் சுவைக்காகப் பிள்ளைகள் பசையைத் தின்பதுண்டு. துலக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். போர் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த வீட்டில் சிறு குழந்தைக்கு எந்தப் பசை ஏற்றது என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எலும்பை எப்படிப் பாதிக்கிறது? எப்படிக் கண்டுகொள்வது?

பெரியவர்கள் உட்கொள்ளும் ஃபுளோரைடில் ஏறத்தாழப் பாதி சிறுநீரில் வெளியேறுகிறது. மீதி எலும்பில் தங்குகிறது. வளரும் பிள்ளைகளின் உடலில் தங்கும் பங்கு இன்னும் அதிகம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு வெளியேற்றம் குறைவதால் அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு தடித்து, தசைநார்களும் மூட்டைச் சுற்றிய சவ்வுகளும் சுண்ணம் படிந்து விறைக்கின்றன. கழுத்து, முதுகு, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றில் வலியும் இறுக்கமுமாக இது தொடங்கும். முற்றிய நிலையில் முதுகெலும்பு வளைந்து, தண்டுவட நரம்புகள் நெருக்கப்பட்டு நடக்க இயலாமலும் போகலாம்.

மருத்துவ முகாம்களில் மூன்று எளிய அசைவுகளைச் செய்யச் சொல்வார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிலுள்ள காசை எடுக்க வேண்டும். தாடையால் நெஞ்சைத் தொட வேண்டும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கித் தலையின் பின்புறத்தைத் தொட வேண்டும். இவற்றைச் செய்ய இயலாவிட்டால் ஃபுளோரோசிஸ் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது, ஏனெனில் மூட்டு வாதமும் வைட்டமின் டி குறைபாடும் இதே தொல்லைகளைத் தரும். முன்கை எக்ஸ்ரே, சிறுநீரிலும் குடிநீரிலும் ஃபுளோரைடு அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் உறுதிசெய்வார். ஆண்டுக்கணக்கில் மூட்டுவலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர் ஒருமுறையாவது இந்தக் கோணத்தில் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

இந்நோய் இந்தியாவில் முதலில் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1937இல் அதை வெளியிட்டார்கள். 1970களில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், ஆந்திரப் பகுதியில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும்படி கால் வளைந்துபோன இளையோரை ஆராய்ந்தனர். ஃபுளோரைடு மிகுதியோடு ஊட்டக்குறைவும் சேரும்போது வளரும் எலும்பு எவ்வளவு மோசமாகச் சிதைகிறது என்பதை அவர்களின் பணி உணர்த்தியது.

பிள்ளைகளின் அறிவுத்திறனைப் பாதிக்குமா?

அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடுக்கும் குழந்தைகளின் குறைந்த நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியுடன் தெரிவித்தது. இதற்காகப் பெற்றோர் பீதியடைய வேண்டாம். ஆனால் அத்தகைய நீரைக் கருவுற்ற பெண்ணுக்கும் சிறு குழந்தைக்கும் கொடுக்காமலிருக்க இது இன்னொரு வலுவான காரணம்.

கைக்குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும்?

தாய்ப்பால் கொடுங்கள். தாய் குடிக்கும் நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தாலும் தாய்ப்பாலில் அது மிக மிகக் குறைவாகவே இறங்குகிறது. பால்பொடியைப் போர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், எடைக்கு ஏற்பப் பார்க்கும்போது குடும்பத்திலேயே அதிக அளவு ஃபுளோரைடு பெறுபவர் அந்தக் குழந்தையாகவே இருப்பார். ஆறு மாதத்துக்குப் பின் கொடுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் பருப்புச் சாதத்துக்கும் நல்ல தண்ணீரே வேண்டும்.

உணவில் எதைச் சேர்க்கலாம், எதைக் குறைக்கலாம்?

கால்சியம் முக்கியம். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்து, உடலில் சேரும் அளவைக் குறைக்கிறது. இம்மாவட்டங்களின் அன்றாட உணவான கேழ்வரகு, தானியங்களிலேயே கால்சியம் மிகுந்தது. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. முளைகட்டி அரைத்தால் அந்தச் சத்து இன்னும் நன்றாக உடலில் சேரும். களியை விட்டு வெறும் ரேஷன் அரிசிச் சோற்றுக்கு மாறிய குடும்பங்கள், முடிந்தால் நாளில் ஒரு வேளையாவது கேழ்வரகுக்குத் திரும்புவது நல்லது. பால், தயிர், மோர், முருங்கைக்கீரை, எள் ஆகியவையும் உதவும். நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் சி மிகுந்த கனிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புளியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், புளி சேர்த்த உணவு உண்டபோது சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது. ரசமும் புளிக்குழம்பும் நம் உணவில் இருப்பது நல்லதுதான். ஆனால் கெட்ட தண்ணீரைப் புளி ஈடுகட்டிவிடும் என்று எண்ணக் கூடாது.

கடுந்தேநீரைக் குறைக்க வேண்டும். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. போர் தண்ணீரில் கொதித்த தேநீரில் இரண்டும் கூடுகின்றன. சாட் வகைகளில் தூவும் கறுப்பு உப்பு, பாக்கு, புகையிலை ஆகியவற்றை விட்டுவிடுவது நல்லது.

வீட்டில் எந்தக் கருவி பயன்படும்?

மண்பானை, துணி, மெழுகுவர்த்தி வடிவ ஃபில்டர், புற ஊதா விளக்குக் கருவி ஆகிய எதுவும் ஃபுளோரைடை நீக்குவதில்லை. தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், அவ்வளவே. நீரை நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்குகிறது, ஆனால் சவ்வு பழுதான கருவியால் பயனில்லை என்பதால் வெளிவரும் நீரையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். ஃபுளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வூட்டப்பட்ட அலுமினா (அலுமினிய ஆக்சைடுத் துகள்) நிரப்பிய வடிகலன்களும் நன்கு பயன்படும். குறித்த காலத்தில் அலுமினாவைப் புதுப்பிக்க வேண்டும்.

நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய நல்கொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் அளந்து கலந்து, கலக்கித் தெளியவைத்து மேல்நீரை எடுப்பார்கள். சேர்க்க வேண்டிய அளவு நீரின் காரத்தன்மையைப் பொறுத்து மாறும் என்பதால், பரிசோதிக்காமல் வீட்டில் கண்ணளவில் படிகாரம் போடுவதைத் தவிர்க்க வேண்டும். அலுமினியம் நீரிலேயே தங்கிவிடக்கூடும். மழைநீரில் ஃபுளோரைடு இருப்பதில்லை என்றே சொல்லலாம். ஓட்டிலோ மாடியிலோ விழும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததை மூடிய தொட்டியில் சேர்த்து, கொதிக்கவைத்துப் பயன்படுத்துவது செலவு குறைந்த வழி.

ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதே, இன்னும் கவலைப்பட வேண்டுமா?

ஜப்பானின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், இவ்விரு மாவட்டங்களின் ஃபுளோரோசிஸ் பாதிப்பைத் தணிப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. காவிரியின் மேற்பரப்பு நீர் பாறைக்குள் நெடுங்காலம் தங்குவதில்லை. ஆகவே அதில் ஃபுளோரைடு குறைவு. அந்தத் தண்ணீர் தடையின்றி வரும் வீட்டில் அதையே குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துங்கள். வரத்து குறையும் நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்து விட்டால், ஒரே குழாயில் வருவது இரண்டும் கலந்த நீராக இருக்கும். தொட்டியில் என்ன நீர் ஏற்றப்படுகிறது என்று கிராம சபையில் கேட்பது உங்கள் உரிமை.

குளிப்பதால், துவைப்பதால் பாதிப்பு உண்டா?

இல்லை. தோல் வழியே உடலில் சேரும் அளவு பொருட்படுத்தத் தக்கதன்று.

ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர் தண்ணீரை மாற்றினால் குணமாகுமா?

நீரை மாற்றியதும் இரத்தத்திலும் சிறுநீரிலும் ஃபுளோரைடு அளவு இறங்கத் தொடங்கும். எலும்பில் சேர்ந்தது எலும்பு புதுப்பிக்கப்படும் வேகத்தில்தான், பல ஆண்டுகளில் மெல்லக் குறையும். தொடக்க நிலை வலியும் இறுக்கமும் பலருக்கு ஓரளவு தணியலாம். வளைந்த எலும்பு தானாக நிமிராது. வளைந்த காலுக்கு அறுவை சிகிச்சையும், விறைத்த மூட்டுக்கு இயன்முறை மருத்துவமும் உதவும். எந்த நிலையில் இருந்தாலும் இன்று நீரை மாற்றினால் நாளைய பாதிப்பு நிற்கும். வயதானவர்க்கு இனி என்ன பயன் என்று அவரை மட்டும் பழைய தண்ணீரில் விட்டுவிடாதீர்கள்.

தண்ணீரை எங்கே, எப்படிப் பரிசோதிப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் மாவட்டத் தலைநகரில் உள்ளது. ஊராட்சிகளுக்குக் கொடுக்கப்பட்டுள்ள கள ஆய்வுப் பெட்டியில் நிறமாற்றத்தைப் பார்த்துத் தோராயமான அளவை அறியலாம். அது 1 மில்லிகிராமை நெருங்கினால் ஆய்வகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மாதிரியைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை அலசிவிட்டு நிரப்புங்கள். ஊர், போரின் ஆழம், எடுத்த நாள் ஆகியவற்றை மேலே ஒட்டிவிடுங்கள். கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் ஒருமுறையும் பரிசோதித்து, போரை ஆழப்படுத்தினாலோ புதிதாகப் போட்டாலோ மீண்டும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள்.